தூதுக்குழு ஜனநாயகம் கதைக்க வந்தால்: போகமுன் செய்யவேண்டிய வேலை

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு பொது அமைப்பில் பெயர் இருந்தால் போதும், என்றாவது ஒருநாள் அந்த அழைப்பு வரும். "நாளைக்குப் பின்னேரம் தூதரகத்தில இருந்து வருகினம். சிவில் சமூகத்தைச் சந்திக்கவேணுமாம். உங்கட பக்கத்தாலயும் ஒரு ஆள் வாங்கோ." இடம் நல்லூர்ப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம். மேசையில் தண்ணீர்ப் போத்தல், றோல்ஸ், பற்றிஸ். சுற்றிவர ஒரு டசின் பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம்.

நான் ஒரு பெண்கள் அமைப்பின் செயலாளராக இருந்தவள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஆள் சேர்த்திருக்கிறேன், குறிப்பு எழுதியிருக்கிறேன், கதைத்தும் இருக்கிறேன். இப்போது இளம் பிள்ளைகள் போகிறார்கள். போகமுன் என்னிடம் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "உவைக்கு எங்கட தேர்தலில என்ன அக்கறை அக்கா? சும்மா நடிப்புத்தானே?"

நல்ல கேள்வி. ஆனால் 'நடிப்புத்தானே' என்று அதற்குப் பதிலையும் தாங்களே சொல்லிவிட்டுப் போய் இருப்பதால் அந்த ஐந்து நிமிடமும் வீணாகிறது. வந்தவரின் மனதைத் தோண்டிப் பார்க்க எங்களால் முடியாது, தேவையும் இல்லை. அவருடைய நாட்டுக்கு இதில் என்ன தேவை, அவர் கையில் என்ன இருக்கிறது, அதைப் பாவித்தால் அவர்களுக்கு என்ன செலவாகும் என்ற மூன்றையும் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

ஏன் வருகிறார்கள்

ஒரே ஒரு வாரத்தை எடுத்துப் பாருங்கள். 2013 நவம்பர் நடுப்பகுதி, கொழும்பில் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் மாநாடு. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் மாநாட்டின் நடுவே விமானம் ஏறி யாழ்ப்பாணம் வந்தார். நூலகத்துக்குப் போனார், உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். காணாமல் போனவர்களின் உறவினர் படங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். போரின் இறுதிக் கட்டம் பற்றி அடுத்த மார்ச் மாதத்துக்குள் நம்பத்தகுந்த விசாரணை நடக்காவிட்டால் ஐ.நா. விசாரணை கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கனடாப் பிரதமர் ஸ்டீபன் ஹாப்பர் மாநாட்டுக்கே வரவில்லை. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வரவில்லை, தன் வெளிவிவகார அமைச்சரை அனுப்பினார். அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் வந்தார். வந்து, இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகள் தருவதாக அறிவித்தார். சித்திரவதையைப் பற்றிக் கேட்டபோது, சித்திரவதையைக் கண்டிக்கிறோம், ஆனாலும் கடினமான சூழ்நிலையில் கடினமான காரியங்கள் நடப்பதுண்டு என்ற கருத்தில் பதில் சொன்னார்.

நாலும் ஜனநாயக நாடுகள். நாலு அரசுகளும் தேர்தல் வழியாக வந்தவை. பிறகு ஏன் ஆளுக்கொரு விதம்? அபொட் இரண்டு மாதத்துக்கு முன்புதான், அகதிகளை ஏற்றிவரும் 'படகுகளை நிறுத்துவேன்' என்ற வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்தவர். அந்தப் படகுகளில் ஏறியவர்களில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. ஹாப்பரின் நாட்டில் ரொறன்ரோவைச் சுற்றித் தமிழ் வாக்காளர்கள் திரளாக இருக்கிறார்கள். மன்மோகன் சிங்குக்குத் தமிழ்நாட்டுக் கட்சிகளின் நெருக்குதல், அடுத்த வருடம் பொதுத்தேர்தல். கமரனுக்கு லண்டன் தமிழர், அவர் நாட்டுப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எழுப்பிய கேள்விகள், பொதுநலவாயத்தின் மானம்.

ஆகவே எந்த நாட்டுக்காரர் வந்தாலும் முதல் பார்க்கவேண்டியது அவருடைய ஊரில் யார் வாக்களிக்கிறார்கள் என்பதை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஏதோ அசிங்கத்தைக் கண்டுபிடித்த மாதிரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாக்காளருக்குப் பயப்படாத அரசைவிடப் பயப்படும் அரசோடு கதைப்பது லேசு. கனடிய நாடாளுமன்றம் 2022 இல், மே 18 ஆம் திகதியைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் அந்த நாட்டில் வாழும் எங்கள் சொந்தங்களின் வருடக்கணக்கான வேலை இருக்கிறது.

அடுத்த காரணம் பாதுகாப்பு. ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போருக்குப் போகமாட்டா என்ற எண்ணம் ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ட் 1795 இல் எழுதிய கட்டுரை வரை போகிறது. 1917 இல் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன், ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான உலகம் வேண்டும் என்று சொல்லியே முதலாம் உலகப் போரில் இறங்கினார். 1983 இல் மைக்கேல் டோய்ல் என்ற அறிஞர் வரலாற்றை எடுத்து வைத்து இதை ஒரு கோட்பாடாக்கினார். ஜனநாயகத்துக்கு அரைவாசித் தூரம் வந்து நிற்கும் நாடுகளில் போர் ஆபத்துக் கூடுதல் என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

தூதுக்குழுவில் வரும் இளம் அதிகாரிகள் இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்களுக்கு எங்கள் ஊரிலிருந்து சொல்லவேண்டிய ஒரு விஷயம் உண்டு: அந்தக் கோட்பாடு நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான போரைப் பற்றியது. ஒரு நாட்டுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இலங்கையில் 1931 இலிருந்து சர்வசன வாக்குரிமை இருக்கிறது. போர் நடந்த காலம் முழுக்க நாட்டில் தேர்தல்களும் நடந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் ஒரு தேர்தல் வாரத்தில்தான், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நாலைந்து நாட்கள் இருக்கும்போது. 'தேர்தல் நடக்கிறதுதானே' என்று யாராவது திருப்திப்பட்டால் இதை ஞாபகப்படுத்துங்கள். சத்தம் போடாமல், திகதியோடு.

மூன்றாவது, போட்டி. அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் 1982 இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஜனநாயகத்தை உலகெங்கும் வளர்ப்போம் என்று பேசியது சோவியத்தை மனதில் வைத்துத்தான். மறுவருடமே வாஷிங்டனில் ஜனநாயகத்துக்கான தேசிய நிதியம் பிறந்தது. இன்று சோவியத்தின் இடத்தில் சீனா. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 99 வருடக் குத்தகைக்குப் போனபிறகு எங்கள் உள்ளூராட்சிச் சபைகளின் வெளிப்படைத்தன்மையில்கூடச் சிலருக்குத் திடீர் அக்கறை வந்ததைக் கண்டேன். வரட்டும், அதுவும் எங்களுக்கு உதவும். ஆனால் போட்டியால் வந்த அக்கறை, கொழும்பில் தங்களுக்குச் சாதகமான அரசு வந்ததும் தணிந்துபோகும் என்பதை மறக்கவேண்டாம்.

வியாபாரமும் ஒரு காரணம். முதலீடு செய்பவனுக்கு நம்பக்கூடிய நீதிமன்றம் வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவுக்கு மட்டும் இன்னொன்று உண்டு, அது அவர்களுடைய சொந்த அனுபவம். கிரேக்கம், ஸ்பெயின், போர்த்துக்கல் மூன்றும் எழுபதுகளின் நடுவில் சர்வாதிகாரத்திலிருந்து வெளியே வந்து, எண்பதுகளில் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தன. சேரவேண்டுமானால் ஜனநாயகம் வேண்டும் என்ற நிபந்தனை அங்கே பலித்தது. அதனால் நிபந்தனை வைத்தால் எந்த நாடும் திருந்தும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஊறிப்போயிருக்கிறது. எங்களுக்கு அங்கத்துவம் தருவதாக யாரும் சொல்லவில்லை. தருவது தீர்வைச் சலுகை மட்டும்.

கையில் என்ன இருக்கிறது

அந்தச் சலுகையின் பெயர் ஜி.எஸ்.பி. பிளஸ். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆட்கள் வந்தால் முதலில் இது ஞாபகத்துக்கு வரவேண்டும். இலங்கையின் ஆடை, மீன் முதலான ஏற்றுமதிகளுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கிக் கொடுத்து, அதற்கு ஈடாக மனித உரிமை, தொழிலாளர், சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தக் கேட்கிறார்கள். இலங்கைக்கு 2005 இல் கிடைத்தது, 2010 ஆகஸ்டில் பறிபோனது, 2017 மே மாதம் திரும்பி வந்தது. 2021 ஜூன் 10 ஆம் திகதி ஐரோப்பிய நாடாளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பரிசீலிக்கும்படி தீர்மானம் போட்டது. அடுத்த மார்ச்சில் கொழும்பு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. தடுப்புக்காவல் உத்தரவின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. சட்டத்தை எடுக்கவில்லை.

இந்தக் கருவியால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பது அந்த ஒரு திருத்தத்திலேயே தெரியும். பேனாவை அசைக்க முடிந்தது, ஆனால் ஆகக் குறைந்த அளவுக்குத்தான். பிள்ளைகள் சிலர் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு "சலுகையை வெட்டுங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள். 2010 இல் வெட்டினார்கள், அரசு அசையவில்லை. வெட்டினால் வேலை போவது தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைக்கு. கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, ஒன்றியம் காலத்துக்குக் காலம் அனுப்பும் கண்காணிப்புக் குழுவைப் பற்றிக் கேளுங்கள். அது எப்போது வருகிறது, வடக்குக்கு வருமா, இந்த வழக்கு அறிக்கையில் ஏறுமா? ஏறும் என்றால் எந்தத் திகதிக்குள் என்ன ஆவணம் கொடுக்கவேண்டும்?

தேர்தல் கண்காணிப்பாளர்கள் வேறு வகை. ஐரோப்பிய ஒன்றியக் குழு 2015, 2019, 2024 தேர்தல்களுக்கு வந்தது, அரசு அழைத்தால்தான் வரமுடியும். வாக்குச் சாவடியில் என்ன கண்டார்கள் என்பதைவிட, போகும்போது எழுதி வைக்கும் பரிந்துரைகள் முக்கியம். தேர்தல் செலவுக்கு எல்லை வேண்டும் என்று 2015 இலும் 2019 இலும் எழுதினார்கள். இங்கே உள்நாட்டுக் கண்காணிப்பு அமைப்புகளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தன. 2023 இல் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. வெளியிலிருந்து ஒரு கை, உள்ளேயிருந்து ஒரு கை என்று இரண்டும் ஒரே பொருளைப் பிடித்து இழுத்தபோது அது அசைந்தது. நான் கண்ட வெற்றிகள் அநேகமாக இப்படித்தான். அறிக்கையைத் தரவிறக்கி, பரிந்துரைப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள். "உங்கட பரிந்துரை என்ன ஆச்சு?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து இருப்பார், ஏனென்றால் அது அவர்களே எழுதியது.

ஜெனீவா வாக்குகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த சில நாட்களில், 2009 மே 27 அன்று, ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானத்துக்கு 29 நாடுகள் வாக்களித்தன, 12 எதிர்த்தன. இந்தியா அந்த 29 இல் ஒன்று. அதே இந்தியா 2012 இலும் 2013 இலும் இலங்கை பற்றிய அமெரிக்கத் தீர்மானத்தை ஆதரித்தது, 2014 இல் விலகி நின்றது. வந்திருப்பவரின் நாடு கடைசியாக எப்படி வாக்களித்தது என்று தெரியாமல் போய் அவருக்கு நன்றி சொல்வது, அல்லது அவரைத் திட்டுவது, இரண்டும் எங்களுக்குத்தான் வெட்கம்.

இந்தியாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்திய அதிகாரிகள் எங்கள் ஊரில் ஜனநாயக வளர்ப்பு என்று கதைக்கமாட்டார்கள். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம், மாகாண சபை, அதிகாரப் பகிர்வு என்பார்கள். ஆனால் 1987 ஜூலை ஒப்பந்தத்தின் வழியாக ஒரு நாட்டின் ஆட்சிமுறைக்குள் மாகாண சபைகள் என்ற புதிய சபைகளையே கொண்டுவந்தது இந்தியா. அமைதி காக்க வந்த படையோடு அதே ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டதும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே கணக்கில் உள்ளவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கத் தேவையில்லை.

சரி, மாகாண சபைத் தேர்தல் வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வட மாகாண சபையின் முதல் தேர்தல் 2013 செப்டம்பர் 21 அன்று நடந்தது, காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 'தேர்தலை வையுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது. முடிச்சு எங்கே என்று சொல்லவேண்டும். 2017 இல் நாடாளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்குத் தேவையான தொகுதி எல்லை அறிக்கையை 2018 இல் அதே நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே தூதுவரிடம் கேட்கவேண்டியது: "சட்டத்திருத்தம் எந்தத் திகதியில் வரும் என்று அமைச்சரிடம் கேட்பீர்களா?" இதற்கு அவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆகவேண்டும்.

காசு கடைசி. செயலமர்வு மண்டபத்தில் கட்டியிருக்கும் பெனரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், இலச்சினைகள் வரிசையாக இருக்கும். ஜேர்மன் கட்சிகளைச் சார்ந்த மன்றங்களுக்குக் காசு பெரும்பாலும் அந்த நாட்டு அரச வரவுசெலவிலிருந்து வருகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் ஜனநாயக மன்றமும் 1992 இல் பிரித்தானிய அரசு ஏற்படுத்தியது. அவர்கள் ஊர் வரிக்காரருக்குக் கணக்குக் காட்டவேண்டும், அதனால்தான் வரவு இடாப்பில் உங்கள் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், 'பெண்கள் எத்தனை, இளைஞர் எத்தனை' எல்லாம். ஜனநாயகத்தைத் தலை எண்ணி அளப்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆனால் ஏன் எண்ணுகிறார்கள் என்று விளங்குகிறது.

அந்தக் காசை நம்பிச் சம்பளம் போடுபவர்களுக்கு ஒன்று: 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஜனாதிபதியின் ஒரு கையெழுத்து விழுந்தது, வெளிநாட்டு உதவி உறைந்தது. ஜூலை முதலாம் திகதியோடு யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரச உதவி நிறுவனமே இயக்கத்தை நிறுத்தியது. அறுபது வருடத்துக்கு மேல் இருந்த நிறுவனம். ஒரே கொடையாளரின் தலையில் அலுவலக வாடகை, சம்பளம், மின்சாரம் மூன்றையும் கட்டாதீர்கள்.

எங்கே நிற்பார்கள்

ஈரானில் மக்கள் தெரிவு செய்த மொசாடெக்கின் அரசை 1953 இல் கவிழ்க்க உதவியவர்கள் அமெரிக்காவும் பிரித்தானியாவும். எகிப்தில் 2013 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதைச் சதிப்புரட்சி என்று சொல்வதை வாஷிங்டன் தவிர்த்தது. சொன்னால் அமெரிக்கச் சட்டப்படி உதவியை நிறுத்தவேண்டும், வருடத்துக்கு 130 கோடி டொலர் இராணுவ உதவி போய்க்கொண்டிருந்தது. இந்த உதாரணங்களைக் கூட்டத்தில் எடுத்து வீசுவதால் பலன் இல்லை. எதிரே இருப்பவர் பதில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார். வீட்டில் இருந்து அளவெடுக்கத்தான் இவை. நெருக்கினால் தங்களுக்கு இழப்பு அதிகம் என்றால் நெருக்கமாட்டார்கள். எண்ணெய் இல்லை, கால்வாய் இல்லை, இலங்கையை நெருக்குவதற்குச் செலவு குறைவு. ஆனால் கடற்பாதை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, அதனால் ஒரேயடியாக நெருக்கவும் மாட்டார்கள். இந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம்.

வெளியார் கொடுப்பதை எங்கள் ஊர் எப்போதும் கைநீட்டி வாங்கிக்கொண்டதும் இல்லை. பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை என்றபோது சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை எதிர்த்தார். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் எதிர்த்திசையில் போய், முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று எங்கள் ஐயா கடைசிவரை வாசிகசாலையில் சண்டை பிடித்தார். எனக்கு அது பிழை என்றுதான் படுகிறது. மூன்று வருடம் ஆளில்லாமல் இருந்ததை ஈடுசெய்வது கஷ்டம்.

அந்த ஐந்து நிமிடம்

ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மேலே என்ன நடந்தது, இரண்டு வரி. நடுவில் எந்தச் சட்டம் அல்லது எந்த அலுவலகம் தடையாக இருக்கிறது. கீழே நீங்கள் கேட்பது, ஒன்றே ஒன்று. போர்க்காலத்தில் இராணுவம் எடுத்த வலிகாமம் வடக்குக் காணி என்றால் எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எத்தனை குடும்பம், எந்த வருடம் வீட்டைவிட்டு எழும்பினவர்கள், கையில் என்ன உறுதி இருக்கிறது என்பது வேண்டும். 'தமிழருக்கு நீதி வேண்டும்' என்பதை எழுதத் தேவையில்லை, அது அவருக்கும் தெரியும்.

அழுகை வந்தால் அழலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றித் தாய் கதைக்கும்போது யாரும் நேரத்தைப் பார்க்கக்கூடாது. ஆனால் அமைப்பின் சார்பில் போகிறவர் அழுகையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால், அது அவர்களின் அறிக்கையில் 'மக்கள் கவலை தெரிவித்தனர்' என்ற ஒரு வரியாகும். பிறகு அப்படியே கிடக்கும்.

குறிப்பு எழுதுபவர் யார் என்று பாருங்கள். தூதுவர் தலையாட்டுவார், சிரிப்பார், படம் எடுப்பார். பக்கத்தில் கொப்பியோடு இருக்கும் அரசியல் பிரிவு அதிகாரிதான் தலைநகருக்கு அனுப்பும் அறிக்கையை எழுதுபவர். அவரோடு கூட வரும் உள்ளூர் உத்தியோகத்தர் இன்னும் முக்கியம். வெளிநாட்டு அதிகாரிகள் சில வருடத்தில் மாறிப் போவார்கள், இவர் இருப்பார். உங்கள் பக்கத்தை இவர்கள் இரண்டு பேரிடமும் கொடுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு யாராவது போன் எடுத்து, யார் வந்தது, என்ன கதைத்தது என்று கேட்கலாம். வடக்கில் இது புதினமில்லை. அதனால் உள்ளே சொல்வது வெளியேயும் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். மற்றவர்களின் பெயரை, அவர்கள் அங்கே என்ன சொன்னார்கள் என்பதை நீங்கள் சொல்லவேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட ஒருவரின் விபரத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் மேசையில் வைக்கவே கூடாது, எவ்வளவு பெரிய தூதுவர் வந்தாலும். படம் எடுக்கவேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. முகநூலில் ஏறியபிறகு சொல்லிப் பிரயோசனமில்லை, கதவடியிலேயே சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கிழமைக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பவேண்டும். 'சந்திப்புக்கு நன்றி. சட்டத்திருத்தத் திகதி பற்றி அமைச்சரிடம் கேட்பதாகச் சொன்னீர்கள். பதில் கிடைத்ததா என்று அடுத்த மாதம் தொடர்புகொள்வோம்.' இவ்வளவு போதும். அடுத்த மாதம் உண்மையிலேயே தொடர்புகொள்ளுங்கள். ஒவ்வொரு தூதரகத்துக்கும் ஒரு கோவை வைத்து, என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று திகதியோடு எழுதி வையுங்கள். புதிய அதிகாரி பதவியேற்று முதல்முறை வடக்குக்கு வரும்போது, அவருக்கு முன்னிருந்தவர் சொன்னதன் பிரதியை மேசையில் வைத்துத் தொடங்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் அமைப்புகளுக்கும் அந்தக் கோவையின் பிரதி போகவேண்டும். யாழ்ப்பாணத்து ஹோட்டலுக்கு வரும் தூதுக்குழுக்களில் அரைவாசி கூட அந்தப் பக்கம் போவதில்லை.